தனித்து ஒலித்த குரல்: கே. பி. சுந்தராம்பாள்

தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் கடல்தான் இருக்கிறது. 1914ஆம் ஆண்டு தொடங்கிய கப்பல் சேவை, 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்தக் கடலின் இரு கரைகளையும் இணைத்தது. இந்தியாவில் புகையிரதம், நடுவில் கப்பல், இந்தப் பக்கம் மறுபடியும் புகையிரதம் என்று ஒரே பயணச்சீட்டில் சென்னையிலிருந்து கொழும்புக்கு வரலாம். தோட்டத் தொழிலாளரும் வியாபாரிகளும் யாத்திரிகர்களும் வந்த அந்தக் காலத்தில்தான், தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகளும் திரைச்சீலைகளையும் ஆர்மோனியப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு கடல் தாண்டி இலங்கைக்கு வந்து ஆடிப் பாடின.

அப்படி வந்த நாடகக் குழுக்களில் ஓர் ஏழைச் சிறுமியும் இருந்தாள். பிற்காலத்தில் தமிழ் பேசும் உலகம் முழுவதும் கொடுமுடி கோகிலம் என்று அழைத்த கே. பி. சுந்தராம்பாள்தான் அவர். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவி என்ற முறையில் அவருடைய பெயரைப் பாடக் குறிப்புகளில் முதலில் அறிந்தேன். தேடித் தேடிப் படித்தபோது, அவருடைய வாழ்க்கை நாடகத்தைப் பற்றிய செய்தி மட்டுமல்ல என்று உணர்ந்தேன். துணைக்குரல் ஒன்றை இழந்த பெண் தன் குரலை என்ன செய்தாள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அதை என் தோழியரோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி என்ற ஊரில் பிறந்தார். அவருடைய பெயரின் முன்னெழுத்துகளைக் கவனியுங்கள். ‘கே’ என்பது கொடுமுடி. ‘பி’ என்பது பாலாம்பாள், அதாவது அவருடைய தாயின் பெயர். தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பம் அது. தாயே பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தத் தாயின் பெயர் மகளோடு மேடைக்கும் திரைக்கும் சட்ட மன்றத்துக்கும் சென்றது. ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் வேண்டுமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

வறுமை காரணமாகச் சுந்தராம்பாள் சிறு வயதில் புகையிரதத்தில் பாடிச் சில்லறை சேர்த்தார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் கூறுகிறார்கள். அப்படிப் பாடிய குரல் நாடக ஆர்வலர் ஒருவரின் காதில் விழுந்து, அதன் வழியாக அவர் வேலு நாயரின் நாடகக் கம்பனியில் சேர்ந்தார். முதலில் கிடைத்தது பையன் வேடம். நல்லதங்காள் நாடகத்தில், பசியால் தாயிடம் அழும் பிள்ளையாக நடித்தார். பசியை அறியாத பிள்ளைக்கு அந்த வேடத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சிறுமிக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அன்றைய நாடகம் எப்படிப்பட்டது என்பதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற ஆசிரியர்கள் புராணக் கதைகளையும் மக்கள் கதைகளையும் எடுத்து, பாட்டும் வசனமுமாக நாடகங்களை அமைத்திருந்தார்கள். கர்நாடக இசை, பார்சி நாடகக்காரர் கொண்டுவந்த வடநாட்டு மெட்டு, கிராமத்துத் தெம்மாங்கு எல்லாம் அந்த மேடையில் ஒன்றாகக் கலந்தன. நாடகம் இரவு தொடங்கினால் விடியும் வரை நடக்கும். ஒலிவாங்கி கிடையாது. ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், நடிகரின் நெஞ்சுதான் ஒலிபெருக்கி.

‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒரு வகையும் இருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து புகழ்பெற்ற நடிகர்களை ஓர் இரவுக்கு மட்டும் அழைத்து வருவார்கள். ஒத்திகை இல்லை. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும் வேடனாக வந்த வேலனும் பாட்டாலேயே தர்க்கம் செய்வார்கள். ஒருவர் ஒரு பாட்டை விட்டெறிந்தால் மற்றவர் அதற்குப் பதில் பாட்டை அந்த இடத்திலேயே தர வேண்டும். நம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பதில் வராவிட்டால் வலை நகராது. தர்க்கப் பாட்டும் அப்படித்தான். எதிர்க்குரல் இருந்தால்தான் அதற்கு உயிர்.

சுந்தராம்பாளுக்கு அப்படியோர் எதிர்க்குரல் நம் நாட்டிலேயே கிடைத்தது. செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்தவர். சகோதரர்களோடு சிறு வயதிலேயே மேடையேறி, இருபது வயதுக்குள் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றவர். அவருடைய குரலில் ஓர் அதிசயம் இருந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துச் சுருதியைக் கணக்கிடுவது வழக்கம். ஆண்கள் பொதுவாக முதல் ஒன்றிரண்டு கட்டைகளிலும், பெண்கள் ஐந்து கட்டை அளவிலும் பாடுவார்கள். கிட்டப்பாவோ பெண்கள் பாடும் அந்த உயர்ந்த சுருதியில் தடையின்றிப் பாடினார். ஆகவே அவரோடு பாடுகிற பெண் தன் சுருதியை இறக்க வேண்டியதில்லை. அவரும் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த வேகத்துக்கும் உயரத்துக்கும் ஈடுகொடுக்கக்கூடிய பெண் குரல்தான் அரிது.

1920களின் நடுப்பகுதியில் கொழும்பில் இருவரும் ஒரே மேடையில் பாடினார்கள். கிட்டப்பாவின் முன் இந்தப் பெண் நிற்க முடியுமா என்று ஐயப்பட்டவர்கள் இருந்தார்கள். சுந்தராம்பாள் நின்றார். பாட்டுக்குப் பாட்டு, பிருகாவுக்குப் பிருகா பதில் கொடுத்தார். அந்த இரவுகளுக்குப் பிறகு தமிழ் நாடக உலகில் வள்ளி திருமணம் என்றால் கிட்டப்பா – சுந்தராம்பாள் சோடி என்றாகியது. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் பெயரும் தானாக வந்தது.

1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அந்த இல்வாழ்வு மேடையில் கண்டது போல இனிமையாக இருக்கவில்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதி வேறுபாடும் குறுக்கே நின்றது. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிரிவும் மனத்தாங்கலும் வந்தன. பிரிந்திருந்த காலத்தில் சுந்தராம்பாள் கணவருக்குக் கடிதங்கள் எழுதினார். மேடையில் எதிர்ப்பாட்டுக்குப் பதில் பாட்டு உடனே வந்துவிடும். வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் அப்படிப் பதில் கிடைப்பதில்லை.

கிட்டப்பா நோயுற்று 1933 டிசம்பர் 2ஆம் திகதி காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

இருபத்தைந்து வயது என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்த வயதில் இருக்கும் ராத்தாமாரைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். அந்த வயதில் அவர் வண்ணச் சேலைகளையும் நகைகளையும் ஒதுக்கினார். வெள்ளைச் சேலையை உடுத்தினார். இனி எந்த ஆண் நடிகருக்கும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சில காலம் மேடையை விட்டே விலகிக் கொடுமுடியில் ஒதுங்கியிருந்தார். வெள்ளைச் சேலையும் அந்த முடிவும் 1980இல் அவர் கண் மூடும் வரை, ஏறக்குறைய 47 ஆண்டுகள் மாறவில்லை.

இந்த இடத்தில் என் உம்மும்மாவைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டும். கடலுக்குப் போன கணவரை அவர் 28 வயதில் இழந்தார். நம் மார்க்கம் விதித்தபடி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். அது முடிந்ததும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கினார். 1990இல் ஊரைவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டியிருந்தபோது அந்த இயந்திரத்தைக் கொண்டுபோக முடியவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு கையால் தைத்தார். ஆனால் கலியாண வீடுகளில் பெண்கள் கூடிப் பாடும்போது எடுத்துக் கொடுப்பவராக இருந்த அவர், கணவர் மறைந்த பிறகு அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. அவர் பாடக் கூடாது என்று யாரும் தடை போடவில்லை. வாருங்கள் என்று அழைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய குரலைத் தொட்டிலில் கிடந்த நாங்கள் மட்டுமே கேட்டோம்.

சுந்தராம்பாளின் நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு. அவர் முருக பக்தை. அவர் பாடியவை பெரும்பாலும் அந்தப் பக்தியைச் சேர்ந்தவை. வாழ்நாள் முழுவதும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று நாம் கொள்வதில்லை. துக்கத்துக்கு நமக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு விடயத்தில் அவர் என்னை வியக்க வைக்கிறார். துக்கத்தைத் தன் உடையில் வைத்துக்கொண்டார். குரலில் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை.

அவரை மீண்டும் வெளியே அழைக்க ஆட்கள் இருந்தார்கள். இந்திய விடுதலைப் போராட்டம் மும்முரமாக இருந்த காலம் அது. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான சத்தியமூர்த்தி, மேடைக் கலைஞரின் குரல் பொதுக்கூட்டப் பேச்சை விடத் தூரம் போகும் என்பதை நன்கு அறிந்தவர். அவருடைய தூண்டுதலால் சுந்தராம்பாள் தேசியப் பாடல்களைப் பாடிக் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். கணவரோடு தர்க்கம் பாடிய குரல் இப்போது ஓர் அரசோடு தர்க்கம் செய்தது. இசைத்தட்டுகள் வழியாகவும் அந்தக் குரல் வீடுகளுக்குள் நுழைந்தது.

அடுத்து வந்தது திரைப்படம். தமிழ் பேசிய முதற்படம் 1931இல் வெளிவந்திருந்தது. நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1935இல், ‘பக்த நந்தனார்’ படத்தில் சுந்தராம்பாள் நடித்தார். அவர் ஏற்றது பெண் வேடமன்று. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார் என்ற ஆண் வேடம். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. இந்தியத் திரையுலகமே திரும்பிப் பார்த்த தொகை அது. நடிக்க விருப்பமில்லாததால், தயாரிப்பாளரைப் பின்வாங்கச் செய்யவே அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் சம்மதித்துவிட்டார் என்றும் சொல்வார்கள். புகையிரதத்தில் சில்லறைக்குப் பாடிய பிள்ளை தன் குரலுக்குத் தானே விலை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் நடித்த படங்கள் அதிகமில்லை. ஒரு டசினுக்கு மேல் போகாது. ஆனால் அவர் ஏற்ற முக்கியமான வேடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகியது. 1935இல் நந்தனார். 1940இல் மணிமேகலை. 1953இல் ஔவையார். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையார். 1973இல் காரைக்கால் அம்மையார். இவர்கள் அனைவரும் துணையின்றித் தனித்து நடந்தவர்கள். எதிரே நின்று பதில் பாட ஒருவர் தேவைப்படாத பாத்திரங்கள். சோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு அவருடைய கலையைச் சுருக்கிவிடும் என்று அன்று பலர் நினைத்திருப்பார்கள். அவரோ அந்த முடிவுக்குள்ளேயே இடம் தேடினார். தமிழ் இலக்கியத்தில் தனித்து நிற்கும் மனிதர்கள் எத்தனை பேர் என்பதை அவர் நமக்குக் காட்டினார்.

இவர்களில் மணிமேகலை நமக்கு அண்மையானவள். அவள் வந்து அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் யாழ்ப்பாணத்துக்கு அருகேயுள்ள நயினாதீவுதான் என்று கருதுவோர் உண்டு. தனக்கென்று விதிக்கப்பட்ட வாழ்வை மறுத்து, பசித்தோருக்கு உணவிடுவதைத் தன் பணியாக எடுத்துக்கொண்டவள் மணிமேகலை. பசியால் அழும் பிள்ளையாக மேடையேறிய சுந்தராம்பாள், முப்பது வயதைத் தாண்டியதும் பசி தீர்க்கும் பாத்திரத்தை ஏந்தியவளாகத் திரையில் தோன்றினார். இதை யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

ஔவையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் பெரும் பொருட்செலவில் தயாரித்த படம் ‘ஔவையார்’. முதலாம் வகுப்பில் ஆத்திசூடி படித்தபோது, ஔவையார் என்றதும் கோலூன்றிய, வெள்ளுடை தரித்த மூதாட்டியின் உருவம் நம் எல்லோருடைய மனத்திலும் வந்தது அல்லவா? அந்த உருவம் தமிழர் மனத்தில் ஆழப் பதிந்ததற்குச் சுந்தராம்பாளே பெரிய காரணம். அப்போது அவருக்கு 45 வயது கூட ஆகவில்லை. ஆனாலும் அந்த மூதாட்டியின் குரலில் தளர்ச்சி இல்லை. மன்னரிடம் பேசும்போதும் குழந்தையிடம் பேசும்போதும் ஒரே அதிகாரம், ஒரே கனிவு. இருவர் பாடிய தர்க்கத்தில் பழகிய நா அது. எதிரே கிட்டப்பா இல்லாத குறையை, சொல்லை அழுத்தமாக உச்சரித்தும், பாட்டின் நடுவே பேசுவது போல நிறுத்தியும் அவர் நிரப்பினார். அவருடைய பாட்டை எங்கே கேட்டாலும் ஒரு சொல்கூட விழுங்கப்படாமல் காதில் விழும். ஒலிவாங்கி இல்லாத மேடை கற்றுக் கொடுத்த பாடம் அது.

1950களில் அவர் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். நாடகக்காரி என்று சமூகம் ஒதுக்கி வைத்த தொழிலைச் சேர்ந்த ஒரு பெண், சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்தார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். அந்த வயதில் பெரும்பாலான பாடகர்களின் குரல் இறங்கிவிடும். 1970இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. கிட்டப்பாவோடு அவர் பாடிய காலம் ஏழு ஆண்டுகளை எட்டவில்லை. தனியாகப் பாடிய காலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். ஆனாலும் அந்த ஏழு ஆண்டுகளை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. தன்னோடு பாடியவரின் பெயர் தன் புகழில் மறைந்து போகவும் அவர் விடவில்லை. இன்று கிட்டப்பாவின் பெயரை அறிந்த பலர் சுந்தராம்பாளின் கதை வழியாகவே அறிந்தவர்கள்.

அவருடைய எல்லா முடிவுகளையும் நாம் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண் வண்ணத்தை முழுவதுமாகத் துறக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ஆனால் அது அவரே எடுத்த முடிவு. அதே போல் பாடுவது என்பதும் அவரே எடுத்த முடிவு. இரண்டையும் பிறர் கையில் அவர் கொடுக்கவில்லை.

நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தை நான் தெரிவு செய்தபோது, பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று உறவினர் சிலர் என் வாப்பாவிடம் கேட்டார்கள். வாப்பா அவர்களோடு வாதாடவில்லை. விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிட்டார், அவ்வளவுதான். அந்தக் கையொப்பத்தின் மதிப்பு சுந்தராம்பாளின் வரலாற்றைப் படித்த பிறகே எனக்கு முழுமையாகப் புரிந்தது. அவருக்குப் பின்னால் பாலாம்பாள் என்ற தாய் இருந்தார். ஒதுங்கியிருந்த வேளையில் திரும்பி வா என்று அழைக்கப் பலர் இருந்தார்கள். தனியாக நின்று பாடியவர் என்று நாம் போற்றும் ஒருவர்கூட முழுக்கத் தனியாக நின்றதில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டில் பாடுகிற, எழுதுகிற, வரைகிற, கணக்குப் போடுகிற ஒரு மகள் இருக்கலாம். பேரிழப்புக்குப் பிறகு தன் திறமையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்ட ஒரு சாச்சியோ மாமியோ இருக்கலாம். அவரைத் தடுக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் அது போதாது. ஒருவர் போய்க் கதவைத் தட்டி அழைக்க வேண்டும். தோழியரே, அப்படி அழைப்பு வரும் நாளுக்காக உங்கள் குரலைப் பழுதின்றி வைத்திருங்கள். அழைக்க யாருமில்லாத இன்னொரு பெண்ணின் வாசலுக்கு நீங்களே முதலில் போங்கள்.